வீட்டுப் பாட்டும் ஜாப் ஒர்க்கும்: இரட்டையர் இசை குறித்துச் சில குறிப்புகள்

1

‘சுயாதீன இசை’ என்கிற சொல் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தமிழில் தாராளமாகப் புழங்கிவருகிறது. சினிமாவுக்கு வெளியே பாட்டு பண்ணுகிற எல்லோரையும் இந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம். அதிலும் கம்பெனி இல்லை, ஸ்டுடியோ இல்லை, வீட்டிலேயே ஒரு லேப்டாப், ஒரு மைக், ஒரு கிதார், இரண்டே பேர் என்றால் சுயாதீனத்துக்கு வேறு சாட்சியே வேண்டாம் என்பதாக ஒரு சொல்லாடல் உருவாகியிருக்கிறது. பேட்டி எடுப்பவர்கள் முதலில் கேட்பது அந்த அறையைப் பற்றித்தான். ‘இந்தச் சின்ன ரூமுக்குள்ளயா இவ்வளவும் பண்ணீங்க?’

இந்த ஆச்சரியத்தின் மீதுதான் எனக்குச் சந்தேகம். பாட்டின் மீது இல்லை. அறையைப் பார்த்து வியக்கிற வேகத்தில் மூன்று கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன. அந்த வீடு யாருடையது? அந்த இரண்டு பேருக்கும் இடையில் உள்ள உற்பத்தி உறவு என்ன? செய்து முடித்த பாட்டு யாருக்குச் சொந்தம்?

நான் அம்பத்தூர்க்காரன். அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம், அந்தப் பக்கம் பூந்தமல்லி என்று விரியும் இந்த மேற்குப் புறநகரில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து வீட்டில் பாட்டு பண்ணுகிற பிள்ளைகள் சிலரை அறிவேன். ஒருவன் கிதார் வாசிப்பான், ஒருத்தி பாடுவாள். அல்லது ஒருவன் பீட் போடுவான், இன்னொருவன் எழுதிப் பாடுவான். அவர்களுடைய பெயர்கள் இங்கே அவசியமில்லை. பொதுவெளியில் பதிவாகியுள்ள இரட்டையர்களை வைத்தே பேசுகிறேன். பாப், ராக், ராப் என்கிற வகைமைப் பிரிவு எனக்கு இங்கே முக்கியமில்லை. வேலை நடக்கும் முறை ஒன்றுதான். என்னுடைய வாதத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் செய்யப்படுகிறது என்பதாலேயே ஒரு இசை விடுதலை பெற்றதாகிவிடாது. சொந்த இடம், சொந்தக் கருவி, சொந்தக் கரண்ட், ஆனால் விலையை இன்னொருத்தன் வைப்பான் என்கிற ஏற்பாட்டுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. ஜாப் ஒர்க்.

2

முதலில் வீடு எப்படி இசைக்கூடமானது என்று பார்ப்போம். கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடம் அடிப்படையில் ஒரு தொழிற்சாலை. இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர், ஒலிப்பதிவாளர், வயலின் வரிசை, தாள வாத்தியக்காரர்கள் என்று படிநிலைப்படுத்தப்பட்ட உழைப்புப் பிரிவினை அங்கே இருந்தது. கால்ஷீட் கணக்கு, சங்கம், சம்பளம் எல்லாம் இருந்தன. அதிகாரம் மேலிருந்து கீழே இறங்குகிற இடம் என்றாலும், கூலி வாங்கிக்கொண்டு நாற்பது ஐம்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சுவிட்ட இடமும் அதுதான்.

தமிழில் வீடு இந்தத் தொழிற்சாலையை முதலில் வென்றது 1992இல். ஏ.ஆர். ரஹ்மான் 1989 வாக்கில் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே அமைத்துக்கொண்ட பஞ்சதன் ரெக்கார்ட் இன்னிலிருந்துதான் ‘ரோஜா’வின் ஒலி வந்தது. கீபோர்டும் சாம்ப்ளரும் கணினியும் ஒரே ஆளின் கைக்குள் பல வாத்தியங்களைக் கொண்டுவந்தன. இரவெல்லாம் உட்கார்ந்து ஒரு ஒலியை இழைக்கிற அவகாசம் அப்போது கிடைத்தது. கால்ஷீட் கணக்குக்குக் கட்டுப்படாத நேரம் அது. அதே சமயம் கால்ஷீட்டை நம்பியிருந்த வாத்தியக்காரர்கள் பலருக்கு வேலை சுருங்கியது. வீட்டு இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள்.

மேலை நாடுகளிலும் இதே கதைதான். 1979இல் டாஸ்காம் கம்பெனி சாதாரண கேசட்டிலேயே நான்கு தடங்களில் பதிவு செய்யக்கூடிய போர்ட்டாஸ்டுடியோ என்கிற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் படுக்கையறையில் பதிந்த கேசட்டைத்தான் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வெளியிட்டார். 1983இல் மின்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான மிடி என்கிற பொதுமொழி வந்தது. அதே ஆண்டு ஆனி லெனாக்ஸ், டேவ் ஸ்டூவர்ட் என்கிற இருவர், யூரித்மிக்ஸ் என்ற பெயரில், லண்டனில் படச்சட்டம் போடும் கடை ஒன்றின் மாடியில் எட்டுத் தட இயந்திரத்தை வைத்துச் செய்த ஆல்பம் உலகமெங்கும் ஓடியது. 2019இல் பில்லி ஐலிஷும் அவருடைய அண்ணன் ஃபின்னியாஸும் லாஸ் ஏஞ்சல்ஸில் பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் செய்த ஆல்பம் 2020இல் கிராமி விருதுகளை அள்ளிக்கொண்டு போனது. மூன்றும் வீட்டிலும் மாடியிலும் பிறந்தவை. மூன்றையும் விற்றவை பெரிய கம்பெனிகள். உற்பத்தி நடக்கும் இடம் மாறினாலும் விநியோகம் யார் கையில் இருந்ததோ அவர் கையிலேயே இருந்தது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழாக் அத்தாலி 1977இல் எழுதிய ‘ஓசை’ என்கிற நூலை இந்த இடத்தில் நினைவுகூரலாம். இசை சமூகத்தைப் பிரதிபலிப்பதோடு நிற்பதில்லை, வரப்போகிற சமூகத்தை முன்கூட்டியே ஒலித்துக் காட்டுகிறது என்பது அவர் வாதம். சடங்கு, அரங்கம், பதிவுத்தட்டு என்று மூன்று கட்டங்களைச் சொல்லிவிட்டு நான்காவதாக ‘இயற்றுதல்’ என்று ஒன்றை அவர் எதிர்பார்த்தார். அந்தக் கட்டத்தில் மக்கள் விற்பதற்காக இல்லாமல் தமக்காகவே இசை செய்வார்கள். செய்பவர் கேட்பவர் என்கிற பிரிவு கரையும். லேப்டாப் வந்ததும் ‘இதோ அத்தாலி சொன்னது வந்துவிட்டது’ என்று குதூகலித்தவர்கள் உண்டு. வந்ததா என்பதைத்தான் அம்பத்தூரில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

3

1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை சோசலிச மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட இடம் ஆவடி. 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், அப்புறம் டன்லப், 1960களில் ஆவடி டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூர்த் தொழிற்பேட்டை என்று இந்தப் பகுதி இரும்பின் ஓசையிலேயே வளர்ந்தது. பெரிய கம்பெனிகளைச் சுற்றிச் சிறு பட்டறைகள். பெரிய கம்பெனி வரைபடம் கொடுக்கும். இவன் லேத்தில் கடைந்து கொடுப்பான். இயந்திரம் இவனுடையது, கடன் இவனுடையது, வாடகை இவனுடையது. ரிஜக்ட் ஆனால் நஷ்டமும் இவனுடையதே.

இப்படியான ஒரு தொழிற்பகுதி இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹெவி மெட்டல் இசையைக் கொடுத்தது. பிளாக் சப்பாத் குழுவின் டோனி ஐயோமி 17 வயதில் தகரப் பட்டறை இயந்திரத்தில் இரண்டு விரல்களின் நுனியை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, தந்திகளைத் தளர்த்திக்கொண்டு வாசித்தார். அந்தக் கனத்த ஒலிக்குள் ஒரு பட்டறை விபத்து இருக்கிறது. விரலை இயந்திரத்துக்குக் கொடுத்தவர்கள் அம்பத்தூரிலும் உண்டு. அப்படியானால் இங்கிருந்து ஏன் அப்படியொரு ராக் இசை கேட்கவில்லை?

இசை இல்லாமல் இல்லை. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மெல்லிசைக் குழுக்கள் இருந்தன. தேவாலயங்களில் கிதாரும் கீபோர்டும் கற்றுக்கொண்ட பிள்ளைகள் இருந்தார்கள். சாவு வீட்டில் கானா இருந்தது. ஆனால் மெல்லிசை மேடையில் சினிமாப் பாட்டைத்தான் பாட வேண்டும். ‘சொந்தப் பாட்டெல்லாம் வேணாம் தம்பி, தெரிஞ்ச பாட்டா போடு’. ராக் என்ற பெயரில் சென்னையில் நடந்தது பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஐ.ஐ.டி. மாதிரியான கல்லூரி விழாக்களில் நடந்தது. அந்த மேடைக்குப் பட்டரவாக்கம் ரயில் நிலையத்திலிருந்து வழி கிடையாது. ஆக இங்கே இடைவெளி இருந்தது திறமையில் அல்ல. சொந்தமாக ஒன்றைச் சத்தமாகச் சொல்வதற்கான இடம் இல்லை. வீட்டு ஸ்டுடியோ அந்த இடத்தைத் தருவதாகச் சொல்லிக்கொண்டு வருகிறது. அதனால்தான் அதன் கவர்ச்சி இங்கே அதிகம்.

சரி, எப்படிப்பட்ட வீடு? ஒரே காம்பவுண்டுக்குள் நான்கைந்து போர்ஷன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் அல்லது மொட்டை மாடி. பக்கத்துச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருடைய சுவரும்தான். நல்ல கண்டென்சர் மைக் என்பது இரக்கமற்ற கருவி. மின்விசிறி, குக்கர் விசில், தண்ணி லாரி, அரக்கோணம் லோக்கல் எல்லாவற்றையும் பாட்டோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளும். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலைப் போர்வையால் மூடிக்கொண்டுதான் டேக் எடுக்க வேண்டும். ‘ராத்திரி பதினொன்றுக்கு மேலதான் சார் தெரு அமைதியாகும், ஆனா அப்ப சத்தமா பாட முடியாது’ என்று ஒரு பையன் சொன்னான். இந்த ஒரு வாக்கியத்தில் ஒரு அழகியலே இருக்கிறது.

எப்படி? படுக்கையறை பாப் என்று உலகமெங்கும் கொண்டாடப்படுகிற அந்தக் கிசுகிசுக் குரல், காதுக்குள் பேசுகிற நெருக்கம், ஹெட்போனில் மட்டும் இருக்கிற டிரம்ஸ் ஆகியவற்றை நாம் உள்முகத்தன்மை, அந்தரங்கம் என்றெல்லாம் விளக்கிவருகிறோம். அதில் பாதி பக்கத்து வீட்டுச் சுவர். நிஜ டிரம்ஸ் வைக்க இடமில்லாததால் மென்பொருள் டிரம்ஸ். அதன் தாளம் கட்டம் போட்ட திரையில் ஓடுவதால் இழைவோ பிசகோ இல்லாத ஒரே சீரான நடை. வாடகைக்கு வீடு கேட்கும்போதே சுற்றிவளைத்து ஜாதி விசாரிக்கிற வீட்டுக்காரர்கள் இருக்கிற ஊரில், பறையை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு ஒத்திகை பார்க்க முடியுமா? எந்தக் குடும்பத்துக்கு ஒரு தனி அறை மிச்சமிருக்கிறது, அந்த அறை எந்தப் பிள்ளைக்கு ஒதுக்கப்படுகிறது, தங்கை பாடினால் ‘அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க’ என்று யார் கதவைச் சாத்துவது, ராத்திரி முழுக்க வேலை பார்க்கிற மகனுக்கு யார் எழுந்து டீ போட்டுக் கொடுப்பது என்பதெல்லாம் அந்தப் பாட்டின் உற்பத்திச் செலவில் சேராத உழைப்பும் தடையும் ஆகும். வீடு நடுநிலையான இடம் இல்லை. குடும்பமும் சாதியும் பாலினமும் அதன் சுவர்கள்.

இந்த இடத்தில்தான் ‘தெருக்குறள்’ முக்கியமாகிறது. அறிவு, ஆஃப்ரோ என்கிற இருவர் 2019இல் சேர்ந்து வெளியிட்ட ஆல்பம் அது. அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகிற மின்சார ரயிலின் மறுமுனையான அரக்கோணத்துக்காரர் அறிவு. ஆஃப்ரோ சென்னைக்காரர், பீட்டும் ஒலியும் அவருடையவை. ‘ஆன்டி இந்தியன்’, ‘கள்ள மௌனி’ போன்ற பாடல்கள் அதில் உண்டு. ஒருவர் சொல், ஒருவர் ஒலி என்கிற இரட்டையர் அமைப்புதான். ஆனால் பெயரைக் கவனியுங்கள். திருவை எடுத்துவிட்டுத் தெருவை வைத்தார்கள். குறளை நூலாகவும் குரலாகவும் கேட்கலாம். அந்தக் குரல் கிசுகிசுப்பதில்லை. கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவனுக்கும் கேட்க வேண்டும் என்கிற கணக்கில் அது வாக்கியத்தைத் தள்ளுகிறது. சொல் முன்னே நிற்கும்படி ஒலி ஒதுங்கிக் கொடுக்கிறது. இருவர் மட்டும் கூடிச் செய்த இசை பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பணியாமல் தெருவைத் தன் கேட்பவராக வைத்துக்கொண்டது.

அது தனியாக வந்ததும் இல்லை. 2018 ஜனவரி 6இல் கீழ்ப்பாக்கத்தில் நடந்த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சியில் கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. நீலம் பண்பாட்டு மையத்தின் அந்த முயற்சியில் இசையை முன்னின்று ஒருங்கிணைத்த டென்மா, அதற்கு முன் கபேர் வாசுகியோடு சேர்ந்து ‘குரங்கன்’ என்கிற தமிழ் ராக் குழுவை நடத்தியவர். இரண்டு பேரின் ராக் ஒரு கட்டத்தில் பெருங்குழுவாக விரிந்ததையும், அந்தப் பெருங்குழுவில் இருந்த ஒருவர் திரும்பவும் இன்னொருவரோடு இருவராக உட்கார்ந்து ஒரு ஆல்பம் செய்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறைக்கும் மேடைக்கும் இடையில் போக்குவரத்து இருக்கும்போதுதான் அறையின் வேலைக்கு உயிர் இருக்கிறது.

4

ஏன் இரண்டு பேர்? இரட்டையர் என்பது நமக்குப் புதிது இல்லை. நாதஸ்வரத்தில் உண்டு. நாட்டுப்புற இசையில் விஜயலட்சுமி – நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி – அனிதா குப்புசாமி என்று தம்பதிகள் கேசட் காலத்திலேயே பேரெடுத்தார்கள். இரண்டு பேர் என்பது உழைப்பின் மிகச் சிறிய சமூகம். ஒருவரே எல்லாம் செய்தால் தர்க்கம் பண்ண ஆளில்லை. ஐந்து பேர் என்றால் ஒத்திகைக்கு இடமில்லை. செலவு, இடம், நட்பு எல்லாம் சேர்ந்து இரண்டில் வந்து நிற்கிறது.

ஆனால் இந்தச் சிறிய சமூகத்துக்குள்ளும் அதிகாரம் ஓடுகிறது. தமிழில் சினிமாவுக்கு வெளியே தொடங்கிப் பெரும்புகழ் அடைந்த இரட்டையர் ஹிப்ஹாப் தமிழா. ஆதி, ஜீவா இருவரும். ‘கிளப்புல மப்புல’ என்கிற பாட்டு யூடியூபில் பரவியபோது அது சினிமாவை நம்பாமல் ஒரு தமிழ்ப் பாட்டு ஓட முடியும் என்று காட்டியது. கூடவே, பெண்களை ஒழுங்குபடுத்துகிற ஆணின் அதட்டலை ‘தமிழ்ப் பண்பாடு’ என்கிற பெயரில் இளைஞர்களுக்கு விற்றது என்கிற விமர்சனமும் நியாயமானதே. சினிமாவிடம் அனுமதி கேட்காத ஒரு குரல், சினிமா சொல்லிக்கொண்டிருந்ததையே திருப்பிச் சொன்னால் அந்தச் சுயாதீனத்தால் யாருக்கு லாபம்? 2015இல் ‘ஆம்பள’ வழியாக அவர்கள் சினிமா இசையமைப்பாளர்கள் ஆனார்கள். 2017இல் ‘மீசைய முறுக்கு’ படத்தில் ஆதியே இயக்கி நடித்தார். இன்று ‘ஹிப்ஹாப் தமிழா’ என்றால் ஜனங்கள் சொல்வது ஆதியை. இருவரின் பெயர் ஒருவரின் பட்டப்பெயர் ஆகிவிட்டது. யாரும் சதி செய்து இதைச் செய்யவில்லை. முகமும் குரலும் தெரிகிற ஆளையே சந்தை பெயராக்கும். கணினிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் தானாகவே மறைந்துவிடுகிறார்.

இதன் மறுபக்கம் பாலினம். பெண்ணும் ஆணும் சேர்ந்த இரட்டையர்களில் பெரும்பாலும் பெண் பாடுகிறாள், ஆண் ‘செய்கிறான்’. இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த பெற்றோருக்குச் சுவிட்சர்லாந்தில் பிறந்த பிரியா ரகு, தன் அண்ணன் ஜாஃப்னா கோல்டோடு சேர்ந்து செய்த ‘டேம்ஷிஸ்தமிழ்’ 2021இல் வந்தது. தமிழ்ச் சினிமாப் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஒரு புலம்பெயர் வீட்டின் ஒலியும் அமெரிக்கக் கறுப்பர் இசையும் அதில் கூச்சமில்லாமல் கலந்தன. அருமையான வேலை. அங்கேயும் பெயர் தங்கையுடையது, ஒலி அண்ணனுடையது. பாடுகிற பெண்ணின் முகம் முன்னே நிற்பதாலேயே அதிகாரம் அவளிடம் இருக்கிறது என்று அவசரமாக முடிவுகட்டக் கூடாது. அதே போல, முகம் தெரியாததாலேயே ஒலி செய்கிறவர் சுரண்டப்படுகிறார் என்றும் சொல்ல முடியாது. யார் எந்த முடிவை எடுத்தார்கள், கோப்பு யாருடைய கணினியில் இருக்கிறது, ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து என்பதைப் பொறுத்தது அது. ‘தெருக்குறள்’ விஷயத்தில் எனக்குப் பிடித்தது, இரண்டு பெயரும் உறையிலேயே சமமாக நின்றது. சின்ன விஷயம் மாதிரித் தெரியும். இரட்டையர்கள் பலரும் இடறுகிற இடம் இதுதான்.

5

இப்போது சட்டத்துக்கு வருவோம். எழுத்தாளர்களுக்கே தங்கள் உரிமை என்ன என்று தெரியாத நாட்டில் பாட்டுக்காரர்களுக்கு எப்படித் தெரியும் என்று விட்டுவிட முடியாது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணுக்குப் பாட்டு என்று ஒன்று கிடையாது. வரி ஒரு இலக்கியப் படைப்பு. மெட்டு ஒரு இசைப் படைப்பு. அதில் சொற்கள் சேராது என்று சட்டமே சொல்கிறது. பதிவு செய்யப்பட்ட ஒலி மூன்றாவது. வரிக்குச் சொந்தக்காரர் எழுதியவர். மெட்டுக்குச் சொந்தக்காரர் இயற்றியவர்; அவர் நோட்டேஷனில் எழுதியிருக்க வேண்டும் என்கிற கட்டாயம்கூட இல்லை. ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரர் ‘தயாரிப்பாளர்’. முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்றுக்கொண்டவர் என்று அதற்கு விளக்கம். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் எழுதியவருக்கும் இயற்றியவருக்கும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைத் தந்தது; அதை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது என்றது. நல்ல சட்டம்தான்.

இதை ஒரு வீட்டு இரட்டையர் மீது பொருத்திப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு ஒருவன் கிதாரில் ஏதோ வாசிக்கிறான். மற்றவள் அதன்மேல் வாய்க்கு வந்ததை முணுமுணுக்கிறாள். மெட்டு யாருடையது? அவள் முணுமுணுத்ததை அவன் வெட்டி ஒட்டி லூப் ஆக்குகிறான். இப்போது? லேப்டாப் அவனுடையது, மைக் வாங்கிய காசு அவளுடையது. ‘முன்முயற்சியும் பொறுப்பும்’ யாருக்கு? இருவர் பங்கும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்தால் கூட்டுப்படைப்பு என்று சட்டம் ஒத்துக்கொள்கிறது. ஆனால் வரியும் மெட்டும் சட்டத்தின் பார்வையில் பிரித்தறியக்கூடியவை. ஸ்டுடியோத் தொழிற்சாலையின் உழைப்புப் பிரிவினையை மனதில் வைத்து வரையப்பட்ட பிரதி அது. உழைப்பு கலந்துபோகிற வீட்டு அறையைப் பிடிக்க அதற்குக் கை போதவில்லை.

இது வெறும் யோசனை இல்லை என்பதைத் தமிழ்நாடு கண்கூடாகப் பார்த்தது. 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. பாடியவர்கள் தீயும் அறிவும், தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன், வெளியிட்டது மாஜா நிறுவனம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிய வள்ளியம்மாள் என்கிற பாட்டியின் நினைவிலிருந்து அந்தப் பாட்டு எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் பாட்டு இருந்தது, அறிவு இல்லை. எழுதியது, இயற்றியது, பாடியது தானே என்று அறிவு எழுதினார். அது கூட்டு உழைப்பு, பங்கு சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024 மார்ச்சில் அவரே, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். நிறுவனத் தரப்பு அதை ஏற்காமல் தன் விளக்கத்தைச் சொன்னது.

யார் சரி என்று தீர்ப்பு எழுதுவது என் வேலை இல்லை. இந்த வரிசையில் இரண்டு விஷயங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. முதல் சண்டை பெயரைப் பற்றியது. ஒரு தலித் கலைஞனின் பாட்டியுடைய வாழ்க்கை எல்லோருடைய கொண்டாட்டமாக ஆனபோது அவன் முகம் அட்டையிலும் மேடையிலும் இல்லாமல் போனது தற்செயல் என்று சொன்னால் நம்ப நாம் தயாராக இல்லை. இரண்டாவது பணத்தைப் பற்றியது. பெயருக்காக எதிரெதிரே நின்றவர்கள், கணக்கு என்று வந்தபோது ஒரே பக்கத்தில் நின்றார்கள். கலைஞர்கள் தங்களுக்குள் ‘யார் செய்தது’ என்று மோதிக்கொண்டிருந்த காலம் முழுக்க, ‘யார் கையில் கணக்கு’ என்கிற கேள்வி பேசப்படாமலே இருந்தது.

6

கணக்கு யார் கையில்? திரும்பவும் எஸ்டேட்டுக்கு வருகிறேன். பீடி சுற்றும் பெண்ணுக்கு ஒப்பந்தக்காரர் இலையும் தூளும் கொடுப்பார். அவள் வீட்டில் உட்கார்ந்து சுற்றிக் கொண்டுபோனால் எண்ணிப் பார்த்து, சரியில்லை என்று ஒரு பிடியைக் கழித்துவிட்டுக் காசு கொடுப்பார். வீட்டு இசைக்காரருக்கு இலையும் தூளும்கூட வருவதில்லை. கருவி, மென்பொருள், மின்சாரம், உழைப்பு எல்லாம் சொந்தச் செலவு. ஸ்பாட்டிஃபை போன்ற தளத்தில் பாட்டை நேராகப் போட முடியாது. இடையில் ஒரு விநியோக நிறுவனத்துக்குப் பணமோ பங்கோ கொடுக்க வேண்டும். அங்கே ஒரு பாட்டுக்கு இத்தனை பைசா என்று நிர்ணயமான கூலி கிடையாது. மொத்த வருமானத்தில் ஒரு பங்கை, மொத்தத்தில் யார் எவ்வளவு ஓடினார்களோ அந்த விகிதத்தில் பிரிப்பார்கள். பெரிய நட்சத்திரம் ஒரு படப்பாட்டை இறக்கினால் திருமுல்லைவாயல் பையனின் விகிதம் அன்றைக்குச் சுருங்கும். 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் முறை ஓடாத பாட்டுக்குப் பதிவு உரிமைத் தொகையே இல்லை என்றும் அந்த நிறுவனம் விதி வைத்தது. யூடியூபும் 2018இல் ஆயிரம் சந்தாதாரர், நாலாயிரம் மணி நேரப் பார்வை என்கிற வாசலைத் தாண்டினால்தான் விளம்பர வருமானத்தில் பங்கு என்றது. பீடிக்காரர் ஒரு பிடியைக் கழித்தார்; இவர்கள் ஆயிரத்துக்குக் கீழே உள்ள கட்டையே கழித்துவிட்டார்கள்.

அத்தாலி எதிர்பார்த்த ‘இயற்றுதல்’ வந்திருக்கிறது. ஆனால் அது பதிவுத்தட்டுக் காலத்தின் முதலாளிக்கு இலவசக் கச்சாப்பொருளாகப் போய்க்கொண்டிருக்கிறது. செய்பவருக்கும் கேட்பவருக்கும் இடையில் உள்ள பிரிவு கரைந்தது உண்மை. நடுவில் நிற்பவர் கரையவில்லை. முன்பு ஒரு கம்பெனி வாசலில் போய்ப் பாடிக் காட்டி நிராகரிக்கப்பட்டவன் அந்த மேனேஜரையாவது திட்டலாம். இப்போது நிராகரிப்பது ஒரு கணக்கீட்டுமுறை. யாரைத் திட்டுவது?

அதனால் வீட்டில் பாட்டு பண்ணுவதை நிறுத்திவிட வேண்டுமா என்றால் இல்லை. வீடு கொடுத்த அவகாசம் பெரிது. காசில்லாதவர்கள் தப்புத்தப்பாகச் செய்து பார்த்துக் கற்றுக்கொள்கிற உரிமையை அது கொடுத்தது. நான் சொல்வது, அந்த உரிமையைக் காப்பாற்ற மூன்று வேலைகள் இருக்கின்றன என்பதே. ஒன்று, இருவரும் முதல் பாட்டை வெளியிடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வரி யாருடையது, மெட்டு எந்த விகிதம், பதிவு யாருக்கு, பிரிந்தால் பெயர் யாருக்கு. ‘நட்புக்குள்ள என்னங்க எழுத்து’ என்பார்கள். நட்பு நிலைக்க வேண்டுமானால் எழுத்து வேண்டும். இரண்டு, தனித்தனித் தடங்களின் கோப்புகள் இருவரிடமும் இருக்கட்டும். உற்பத்திக் கருவி ஒருவர் கையில் மட்டும் இருந்தால் மற்றவர் கூலியாள்தான். மூன்று, அறையை விட்டு வெளியே வர வேண்டும். தெருவில், அரங்கில், கூட்டத்தில் நேரடியாகக் கேட்கிற நூறு பேர், தளத்தில் ஓடுகிற பத்தாயிரம் எண்ணிக்கையைவிடக் கணக்கில் தெளிவானவர்கள்.

மூன்றாவது வேலை அவர்களுடையது மட்டுமில்லை, நம்முடையதும். இன்குலாபின் ‘மனுசங்கடா’ கே.ஏ. குணசேகரனின் குரலில் ஊர் ஊராகப் போனதற்குக் காரணம் எந்தக் கம்பெனியும் இல்லை. கூட்டங்களும் கைமாறிய கேசட்டுகளும் இயக்கத் தோழர்களும்தான். கவிஞரும் பாடகரும் சேர்ந்த அதுவும் ஒரு இரட்டையர் பாட்டு. அந்த விநியோக வலை நம் கையில் இருந்தது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற நாம் அதன் இன்னொரு பக்கத்தையும் பேச வேண்டும். அந்த வலையிலும் பாடுகிறவருக்குப் பஸ் சார்ஜும் சாப்பாடும்தான் பெரும்பாலும் கிடைத்தது. இன்றும் ஆர்ப்பாட்டம் என்றால் ‘தோழர், ஒரு பாட்டு பண்ணிக் குடுங்க, நாளைக்கே வேணும்’ என்று போன் போடுகிறோம். ஃபேனை நிறுத்திவிட்டு, போர்வையைக் கட்டிக்கொண்டு, ராத்திரி முழுக்க அந்த இரண்டு பிள்ளைகள் அதைச் செய்துகொடுக்கிறார்கள். நாம் நோட்டீஸ் அடிக்கிற அச்சகத்துக்கும் மைக் செட்டுக்காரருக்கும் பணம் கொடுக்கிறோம். பாட்டுக்குக் கொடுப்பதில்லை. கேட்டால் ‘அது அவங்க பங்களிப்பு’ என்கிறோம்.

தளங்கள் ஆயிரத்துக்குக் கீழே கழிக்கின்றன. நாம் எந்த எண்ணிக்கையில் கழிக்கிறோம்? அடுத்த கூட்டத்துக்கு வரவு செலவு எழுதும்போது பாட்டுக்கென்று ஒரு வரி ஒதுக்குகிற இயக்கம் எது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். விவாதத்தை அங்கிருந்து தொடரலாம்.